வலப்பக்கக் கட்டம்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மகளின் பையில் ஒரு இளஞ்சிவப்புத் தாள் வரும். அதை முதன்முதலில் பார்த்தபோது, எவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் என்று நான் கண் கலங்கினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கக் கட்டத்துக்குத் தலைப்பு ‘இந்த வாரம் வகுப்பில்.’ வலப்பக்கக் கட்டத்துக்கு ‘வீட்டில் நீங்கள்.’ குழந்தை பள்ளியில் என்ன கற்கிறாள், வீட்டில் நாம் அதற்கு எப்படித் தோள் கொடுக்கலாம் என்று வாராவாரம் சொல்லிவிடுவார்களாம். முதல் வாரம் இடப்பக்கத்தில் ஆறு வரி, வலப்பக்கத்தில் இரண்டே வரி. ‘இன்று என்ன படித்தாய் என்று குழந்தையிடம் அன்போடு கேளுங்கள்’ என்பது அதில் ஒன்று. நான் அன்போடு கேட்டேன். அவளும் அன்போடு “ஒண்ணுமில்ல” என்றாள். அது உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். கிழிந்ததைத் தைப்பது, உடைந்ததை ஆடாமல் பிடித்துக்கொள்வது, கத்துகிறவர்களை அதைவிடச் சத்தமாகக் கத்தி அடக்குவது என் வேலை. கணவர் பஸ் ஓட்டுகிறார். ஹார்ன் அடிப்பதற்கே நாலு தடவை யோசிக்கிற மனிதர். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளைப் பட்டாணி என்று கூப்பிடுவோம்.

மூன்றாம் வாரம் இடப்பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: ‘வட்டம்.’ வலப்பக்கத்தில் பதினொரு வரி. ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத பத்து வட்டப் பொருள்களைப் பெற்றோர் திரட்ட வேண்டும். அதில் ஒன்றாவது ‘குழந்தையை வியக்கவைக்கும் அளவில்’ இருக்க வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்குள் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும்.

சனிக்கிழமையே எங்கள் தெருவில் சுவர்க் கடிகாரங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. ஞாயிறு காலை இரண்டு அப்பாக்களை ஒரே ஸ்ட்ரெச்சரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒருவர் மெத்தைக் கடைக்காரர். இன்னொருவர் மூக்குக் கண்ணாடி விற்கிறவர். தெருமுனைச் சாக்கடை மூடியை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் மூடி மெத்தைக்காரரின் பெருவிரலில் விழுந்தது. கண்ணாடிக்காரர் திறந்த குழியில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். எக்ஸ்ரேக்குக் காத்திருந்த நேரத்தையும் அவர்கள் வீணாக்கவில்லை. மெத்தைக்காரர் சலைன் பாட்டில் மாட்டும் கம்பியைக் கழற்றி, கண்ணாடிக்காரரின் உடையாத தோளில் ஒன்று போட்டார்.

“அது என் மூடி, சிஸ்டர். நான்தான் முதல்ல பார்த்தேன்” என்றார் என்னிடம், நியாயம் கேட்கிற குரலில்.

“சாக்கடை மூடியை வச்சு என்னங்க பண்ணப்போறீங்க?”

“வட்டம்” என்றார்.

டியூட்டி டாக்டர் காயப் பதிவேட்டை வைத்துக்கொண்டு விழித்தார். அதில் விழுந்தது, வாகனம், நாய்க்கடி, அடிதடி என்று நான்கு கட்டங்கள்தான் உண்டு. “வீட்டுப்பாடம்னு ஒண்ணு புதுசா போட்டுடுங்க டாக்டர்” என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டார். மாதக் கடைசியில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கூட நாய்களால் வர முடியவில்லை.

மறுநாள் பட்டாணியை விடப் போனபோது அதே மூடி பள்ளி வராந்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. இவர்கள் இருவரும் வலியில் உருண்டுகொண்டிருந்த நேரத்தில் மூன்றாவதாக ஒரு அப்பா வந்து அதை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதன் மேல் ‘மிகச் சிறப்பு’ என்று ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார்கள். மூடியில்லாத குழியில் அன்று மத்தியானம் தபால்காரர் விழுந்தார்.

ஐந்தாம் வாரம் ‘கடல்.’ பெரிய நீல அட்டையில் கடலடி உலகம் செய்ய வேண்டும். வெளிர்நீலம் ஏற்கப்படாது. ஊரில் எழுதுபொருள் கடை ஒன்றே ஒன்று, அதில் இருந்த நீல அட்டைகள் ஒன்பது, இரண்டாம் வகுப்பில் குழந்தைகள் முப்பத்து நாலு. கணக்கு வராத ஊரா எங்கள் ஊர்? அன்று சாயங்காலம் அவசரப் பிரிவுக்கு ஏழு அம்மாக்கள் வந்தார்கள். ஒருவர் மேல்கையில் வடிவியல் பெட்டியின் காம்பஸ் குத்திக்கொண்டு நின்றது. ஒருவர் காதில் பல் பதிந்திருந்தது. கடைக்காரரை அவருடைய கடையின் மர ஸ்கேலாலேயே முதுகில் அளந்திருந்தார்கள். காதில் கடி வாங்கியவர் அவ்வளவு ரத்தத்திலும் புடவைக்குள் சுருட்டி வைத்திருந்த அட்டையை விடவில்லை. நான் மருந்து வைத்துக்கொண்டே அந்த அட்டை எத்தனை அடி இருக்கும் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். பட்டாணிக்கு அட்டை கிடைத்திருக்கவில்லை.

பள்ளி சும்மா இருக்கவில்லை. நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டு உடனே ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமித்தது. சிரித்த முகமும் கையில் எப்போதும் ஃபோனுமாக இருந்த இளைஞர். அவர் வந்ததும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஈடுபாட்டு எண் என்று ஒன்று போட ஆரம்பித்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே போனால், ‘குடும்பச் சூழலுக்குத் தகுந்த வேறு பள்ளி’ குழந்தைக்குப் பரிந்துரைக்கப்படும்.

எங்கள் ஊரில் வேறு பள்ளி கிடையாது. எனக்கு ஷிப்ட், அவருக்கு ஷிப்ட். பட்டாணியைப் பக்கத்து ஊரில் நாத்தனார் வீட்டில்தான் விட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாத்தனார் நல்லவள்தான். ஆனாலும் இரவு என் வயிற்றின் மேல் காலைப் போட்டுத் தூங்குகிற குழந்தை பட்டாணி. அவள் கால் மேலே விழாத கட்டிலில் எனக்குத் தூக்கம் வராது.

அப்போது எங்கள் எண் நாற்பத்தாறு. ஏழாம் வாரம் ‘உணர்ச்சிகள்’ என்று வந்து அதிலும் ஐந்து போயிற்று. பெற்றோர் கோபப்படுவதைக் குழந்தைக்குச் செய்து காட்டி ஃபோட்டோ அனுப்ப வேண்டும். என் கணவர் கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவோ முயன்றார். நான் கிள்ளினேன். அவருடைய அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். கடைசியில் சப்பாத்திக் கட்டையால் முழங்காலில் ஒரு போடு போட்டேன். ஃபோட்டோவில் அவர் தும்மப் போகிறவர் மாதிரிதான் இருந்தார். ‘கோபம் போதவில்லை’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. நாற்பத்தொன்று.

ஒன்பதாம் வாரத் தாள் வந்த அன்று எனக்கு இரட்டை ஷிப்ட் முடிந்திருந்தது. கை கழுவிக்கொண்டே, “பட்டாணி, அந்தத் தாள்ல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிடா” என்றேன்.

திரும்பிப் பார்த்தால் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா” என்றாள், ஊருக்கே தெரிந்த விஷயம்போல.

“எழுத்துக் கூட்டிப் படி.”

“எழுத்தும் தெரியாது.”

“அப்ப கிளாஸ்ல தினமும் என்னதான் பண்றீங்க?”

“ஒட்டுவோம்.”

“எதை?”

“நீங்கல்லாம் செஞ்சு அனுப்பறதை.”

கையில் சோப்பு நுரையோடே தாளை நான்தான் படித்தேன். இடப்பக்கக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். வலப்பக்கம் தாளின் பின்புறம்வரை போயிருந்தது. ‘நம் பற்கள். விழுந்த பல் ஒன்றைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்த டப்பாவில் இட்டு, குழந்தையின் பெயர் எழுதித் திங்கள் காலை ஒப்படைக்கவும். பற்கள் திருப்பித் தரப்படமாட்டா.’

பட்டாணிக்கு விழ வேண்டிய இரண்டும் போன வருடமே விழுந்து எங்கேயோ போய்விட்டன. மற்றவை எல்லாம் சிமெண்ட் போட்டமாதிரி நின்றன. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதே நிலைமை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர், ‘யாருடைய பல் என்று தாளில் இல்லையே?’ என்று கேட்டார். ஒருங்கிணைப்பாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, ‘படைப்பாற்றலை வரவேற்கிறோம்’ என்று பதில் போட்டார். அதன் பிறகு எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்தொன்பது பேர். சலூனில் ஷேவிங்குக்குக் கண்ணை மூடிப் படுத்திருந்தவரின் தாடையில் பக்கத்து நாற்காலிக்காரர் குத்தியிருந்தார். ஒரு அப்பா தன் மேனேஜரை அடித்துவிட்டு, பல்லை எடுத்துக்கொண்டு, அங்கேயே ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒரு அம்மா தன் கொழுந்தனைக் கூட்டி வந்தார், வாயில் துணி அடைத்து. “வாசப்படி தடுக்கிருச்சு சிஸ்டர்” என்றார். வாசப்படிக்கு மோதிரம் போட்ட விரல்கள் இருந்திருக்க வேண்டும். கன்னத்தில் தடம் அப்படியே இருந்தது. கடைசியில் பல் டாக்டரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிளினிக்கை உடைத்துக்கொண்டு போனவர்கள் குப்பைக் கூடை காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் வாயைப் பார்த்திருக்கிறார்கள். நாலு போயிருந்தது. தரையெல்லாம் ரத்தம். நான் டெட்டால் ஊற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என் கணவர் வந்தார். யூனிபார்ம் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. கைக்குட்டையை எடுத்தபோது மேல்வரிசையில் நடுப்பல் இல்லை.

“யாரு?”

“மெத்தைக் கடைக்காரர். ‘அண்ணே, கொஞ்சம் இப்படித் திரும்புங்க’ன்னார். ஸ்டாப்ல நிக்கறப்பதான். ஏதோ வழி கேக்கறார்னு திரும்பினேன்.”

“நீங்க திருப்பி ஒண்ணு வைக்கலையா?”

“பஸ்ல ஆளுங்க இருந்தாங்களே. கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓட்டிட்டுத்தான் வந்தேன்.”

“பல்லையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?”

இதைச் சொன்னது நான்தான். இருபது வருடம் காயத்துக்கு மருந்து போட்டவள், தாலி கட்டியவர் ரத்தம் சொட்ட நிற்கும்போது கேட்ட கேள்வி இது. அவர் முகம் வாடிவிட்டது. “பிரேக் பெடலுக்குக் கீழ விழுந்துச்சும்மா. அவர் குனிஞ்சு எடுத்துட்டு இறங்கிட்டார்” என்றார், தன் மேல்தான் தப்பு என்கிற மாதிரி. எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவரை உட்காரவைத்துப் பஞ்சு கடிக்கக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றி, கேட்காமலே விட்டுவிட்டேன். திங்கட்கிழமை பட்டாணி காலி டப்பாவோடு பள்ளிக்குப் போனாள். முப்பத்தெட்டு.

சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். அவருக்கு டியூட்டி, நான் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு போனேன். வராந்தாவில் வகுப்பு டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து விரல்களில் காய்ந்துபோன பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், என் பொண்ணுக்கு எழுத்தே தெரியலையே” என்றேன்.

“யாருக்குமே தெரியாது சிஸ்டர்” என்றார் அவர், தலையைத் தூக்காமல். “திங்கள் வாங்கி அடுக்குவோம். செவ்வாய் ஒட்டுவோம். புதன், வியாழன் மார்க் போட்டு ஃபோட்டோ ஏத்துவோம். வெள்ளி அடுத்த தாள் குடுக்கணும். எப்ப சொல்லித் தர்றது? ட்ரெயினிங்ல நான் முதல் ரேங்க். இப்ப பசை மட்டும் நல்லாத் தடவுவேன்.”

ஹாலில் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாதித் தலைகளில் என் கையால் போட்ட கட்டு. மெத்தைக்காரர் முன்வரிசையில் இருந்தார். அவர் மகனின் பெயருக்கு நேரே சுவரில் தொண்ணூற்றிரண்டு என்று மின்னியது. என்னைப் பார்த்து, “அண்ணன் எப்படி இருக்காரு?” என்று அக்கறையாக விசாரித்தார்.

தலைமையாசிரியை மேடையேறினார்.

“போன வருஷம் இந்தக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தீங்க” என்று ஆரம்பித்தார். “அதுல நாலு பேர் ஃபேனுக்காக வந்தவங்க. இந்த வருஷம் உட்கார இடமில்லை. நடக்க முடியாதவங்ககூட வந்திருக்கீங்க. தூக்கிட்டு வந்திருக்காங்க. இதுக்குப் பேர்தான் ஈடுபாடு!”

கைதட்டல். கையில் கட்டுப் போட்டவர்கள் தொடையில் தட்டினார்கள்.

“ரத்தம் சிந்தினாத்தான் ஈடுபாடுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா புள்ளிவிவரம் அப்படித்தான் சொல்லுது. படிப்பைக் குழந்தைங்க மேல திணிக்கக் கூடாதுங்கறது நம்ம பள்ளியோட கொள்கை. அதனால படிப்படியா அதை வகுப்பறையிலேர்ந்து எடுத்தோம். இன்னிக்குப் பெருமையாச் சொல்றேன், முழுசா எடுத்துட்டோம்! குழந்தையோட முதல் ஆசிரியர் பெற்றோர். ரெண்டாவது ஆசிரியரும் பெற்றோர். நாங்க மதிப்பெண் மட்டும் போடறோம். அந்தச் சுமை போதும் எங்களுக்கு.”

இன்னும் பலத்த கைதட்டல். பிறகு ‘தகுந்த வேறு பள்ளி’க்குப் போகிறவர்களின் பட்டியலை ஒருங்கிணைப்பாளர் வாசித்தார். மூன்றாவதாக என் மகளின் பெயர் வந்தது. பட்டாணி என் விரலைப் பிடித்து இழுத்து, “என்னைக் கூப்பிடறாங்கம்மா, பரிசா?” என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன்.

“மேடம், இவளுக்குப் படிக்கத் தெரியல. உங்க பள்ளியில ரெண்டு வருஷமா இருக்கா. ஒரு எழுத்துகூடத் தெரியல.”

அவர் கோபப்படவில்லை. சுவரில் பெரிதாக ஒட்டியிருந்த இளஞ்சிவப்புத் தாளைப் பிரம்பால் தொட்டுக் காட்டினார். “அது வலப்பக்கக் கட்டம்மா. உங்க பக்கம்.”

“நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. குழந்தையை என்கிட்டேர்ந்து பிரிக்காதீங்க. எழுத்து நான் சொல்லித்தரேன். எல்லாமே நான் பண்ணறேன். எடத்தை மட்டும் விட்டுவைங்க.”

இப்படிக் கெஞ்சினேன். ஹாலே பார்த்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்:

“ரெண்டே மார்க்தாம்மா உங்களுக்குக் குறையுது. உங்க வீட்டுக்காரருக்கும் பல் போயிருக்காமே. அதையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?”

என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. அதை இன்னொரு வாயில் கேட்டபோது என் வலது கை தானாக மடங்கியது. தாடையில் எங்கே குத்தினால் என்ன ஆகும் என்பது வாரத்துக்கு இருபது தாடை பார்க்கிறவளுக்குத் தெரியாதா? அளந்து, தோளிலிருந்து எடுத்து வைத்தேன். எலும்பில் எலும்பு பட்ட சத்தம் மைக்கில் போய் ஹால் முழுவதும் கேட்டது. தலைமையாசிரியை மேஜை, பூஜாடி, வெற்றிக் கோப்பைகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தார். அவர் வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று பறந்து மேடைப் பலகையில் மூன்று தடவை துள்ளியது.

ஹாலில் இருந்த அறுபது பேரும் அதையே பார்த்தார்கள்.

பிறகு நாற்காலிகள் பறந்தன. மெத்தைக்காரர் முதலில் குதித்தார். கண்ணாடிக்காரர் கட்டுப் போட்ட தோளாலேயே அவர் கழுத்தை மடக்கினார். காதில் கடி வாங்கிய அம்மா இந்த முறை தானே கடித்தார். மைக் கம்பியால் ஒருவர் முழங்கால் முழங்காலாகத் தட்டிக்கொண்டே போனார். முடி பிய்ந்தது, சட்டை கிழிந்தது, நான் போட்ட தையல்கள் ஒவ்வொன்றாகப் பிரிவது எனக்குக் கேட்டது. நான் பட்டாணியைச் சுவரோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலடிகளுக்கு நடுவிலிருந்து பல் உருண்டு வந்து அவள் செருப்பில் முட்டியது. அவள் குனிந்து எடுத்து, துடைத்து, நல்ல பிள்ளையாக ஒருங்கிணைப்பாளரிடம் நீட்டினாள். “அங்கிள், பல்.”

ஒருங்கிணைப்பாளர் தலைமையாசிரியையைப் பார்த்தார். கவிழ்ந்த மேஜைக்கு அடியிலிருந்து அவர் தலையைத் தூக்கினார். உதடு கிழிந்து முகவாயெல்லாம் ரத்தம். கண்கள் மட்டும் ஜொலித்தன.

“பதிவு பண்ணுங்க!” என்றார். “பல் ஒப்படைக்கப்பட்டது. உணர்ச்சிகள், கோபம், முழு மதிப்பெண். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஈடுபாட்டை நான் பார்த்ததில்லை. நூத்துக்கு நூறு போடுங்க!”

சண்டை நின்றது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே கைதட்டினார்கள். கனத்த காகிதத்தில் பொன்னிற ஓரம் போட்ட சான்றிதழ் ஒன்றைப் பட்டாணியின் கையில் கொடுத்தார் தலைமையாசிரியை. கொடுத்தபோது அதன் ஓரத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. பட்டியலிலிருந்து என் மகளின் பெயரை அடித்துவிட்டார்கள். அவள் இனி முதல் வரிசை. என்னோடுதான் இருப்பாள். வேண்டியது கிடைத்துவிட்டது.

வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தேன். விரல் முட்டிகள் வீங்கிக் கன்றிப் போயிருந்தன. பட்டாணி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, சான்றிதழை மடியில் விரித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

“அம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?”

நான் படித்துச் சொல்லவில்லை. தாளை நேராகத் திருப்பி வைத்தேன். முதல் எழுத்தின் மேல் அவள் சுட்டுவிரலை எடுத்து வைத்தேன்.

“இது என்ன?”

“தெரியல.”

“ஈ. நீட்டிச் சொல்லு.”

“ஈஈஈ” என்றாள். சொல்லிவிட்டு, அந்த எழுத்து தாளில் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று தானாகவே தேட ஆரம்பித்தாள். கீழே மூன்றாவது வரியில் ஒன்றைக் கண்டுபிடித்து, “இந்தா இங்க ஒண்ணு!” என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அருமை அருமை! அப்படியே இருங்க சிஸ்டர், அசையாதீங்க” என்று பின்னாலிருந்து குரல். ஒருங்கிணைப்பாளர் இரண்டு படி இறங்கி எங்கள் முன்னால் மண்டியிட்டு, ஃபோனை நீட்டினார். “கண்ணீரைத் துடைக்காதீங்க, நல்லா வருது. பாப்பா, விரலை மறுபடி முதல் எழுத்து மேல வை. அடுத்த வாரத்துக்கு இதைத்தான் போடப்போறோம், எல்லா வீட்டுக்கும். ‘அழுதுகொண்டே எழுத்து கற்பித்தல்.’ எங்க, இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமா அழுங்க.”

நான் வலது கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வலித்தது, ஆனால் மடங்கியது.

“பட்டாணி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காரு” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.